சோப்பு மேட்டில் ஒரு மஞ்சள் விளக்கு

ஜொகூர் பாருவின் ஓட்டல்களில் சுகமாகத் தூங்குகிறவர்கள் யாரும் ஹேமநாதனை நினைத்துப் பார்ப்பதில்லை. அது அவர்களுடைய குறை. காலை ஆறு மணிக்கு அவர் பாயிலரின் நீராவியைத் திறந்துவிடாவிட்டால் விரிப்புகள் காயாது. காயாத விரிப்பு மடியாது, மடியாத விரிப்பு லோரி ஏறாது. அன்று மாலை பெட்டியோடு வந்திறங்கும் விருந்தாளி மெத்தையை அதன் பிறந்த கோலத்தில் பார்க்க நேரிடும். நாகரிகம் இவ்வளவு மெல்லிய துணியில்தான் போர்த்தப்பட்டிருக்கிறது. அந்தத் துணியைக் காக்கும் பொறுப்பு, ஐம்பதை நெருங்கும் ஒரு பாயிலர்காரரின் கையில் இருந்தது.

அவர் வேலை செய்த சலவைக் கம்பெனி நகரத்தின் ஓரத்தில் ஒரு மேட்டின் உச்சியில் இருந்தது. மேலே போக ஒரே பாதை, செங்குத்து. பாதையின் இடது ஓரத்தில் கம்பெனியின் வடிகால். வெயில் காலத்தில் அந்த வடிகால் ஒழுங்கான குடிமகனைப்போல் தன் வழியில் போகும். மழை வந்தால் பொங்கி, சோப்பு நுரையோடு பாதையின் இடது பாதியை எடுத்துக்கொள்ளும். அந்த மேட்டில் மோட்டார் சைக்கிளோடு விழாதவர் கம்பெனியில் அரிது. ஹேமநாதன் விழாததற்குக் காரணம் அவருடைய திறமை அல்ல. அவர் கம்பெனி வேனில் வந்துகொண்டிருந்தார்.

அந்த வேனைத்தான் நிறுத்தப்போவதாக மேனேஜர் சுகுமாறன் ஒரு நாள் பாயிலர் அறைக்கே வந்து சொன்னார்.

“அடுத்த மாசத்துலேர்ந்து நீங்க சொந்தமா வந்துருங்கண்ணே. ஆறு மணி ஸ்டீம் மட்டும் தவறக்கூடாது.”

“உலு திராம்லேர்ந்து அந்த நேரத்துக்கு பஸ் ஏது? மோட்டார்லதான் வரணும்.”

“மழை காலத்துல இந்த மேட்டுல மோட்டாரா? காடி ஒண்ணு வாங்கிருங்க. தோதுப்படலன்னா வெக்கப்படாம சொல்லுங்க. பாயிலர் லைசன்ஸ் வச்சிருக்குற ஆளு ஒருத்தரு, கனகராஜ்னு பேரு, பாசிர் கூடாங்ல வேலை தேடிக்கிட்டு இருக்காரு.”

சுகுமாறன் இதையெல்லாம் மிகவும் மரியாதையாகச் சொன்னார். மேனேஜர்கள் மரியாதையாகப் பேசும்போதுதான் பயப்பட வேண்டும் என்று ஹேமநாதனுக்குத் தெரியும்.

ஆகவே கார் வாங்கப்பட வேண்டும், அதுவும் மழையில் அந்த மேட்டில் ஏறும் கார். ஹேமநாதனும் மனைவி சாந்தினியும் உலு திராம் பெரிய சாலையோரத்தில் நவ்சாத் நடத்திய பழைய கார் கடைக்குப் போனார்கள். நவ்சாத் நல்ல மனிதர், நல்ல வியாபாரி. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வது கடினம் என்பதால் முறை வைத்துச் செய்துவந்தார்.

“வாங்கண்ணே, வாங்க அக்கா. இந்த வெள்ளைய பாருங்க. பத்து பாகாட் ஊர்ல ஒரு டீச்சர் ஓட்டுன காடி. ஸ்கூலுக்கும் வீட்டுக்கும் மட்டும்தான்.”

ஜொகூரில் விற்பனைக்கு நிற்கும் பழைய கார்கள் அத்தனையையும் ஆசிரியைகள்தான் ஓட்டியிருக்கிறார்கள். பள்ளிக்கும் வீட்டுக்கும் மட்டும். அந்த வெள்ளைக் காரின் பின்புறம் விமானத்தின் இறக்கையைப்போல் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. அதன் புகைக்குழாய் ஒரு குழந்தையின் தலை நுழையும் அகலத்தில் இருந்தது.

“டீச்சர் என்ன பாடம் எடுத்தாங்க?” என்று கேட்டாள் சாந்தினி.

நவ்சாத் சளைக்கவில்லை. “ஸ்போர்ட்ஸ், அக்கா.”

அடுத்து நீலக் கார். ஹேமநாதன் தமக்குத் தெரிந்த முறையில் சோதித்தார். இன்ஜினை ஓடவிட்டு, நீளமான திருப்புளியின் முனையை அதன்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பாயிலர் பம்புகளின் வயிற்றுவலியை அவர் அப்படித்தான் கண்டுபிடிப்பார். இன்ஜின் நல்ல ஆரோக்கியத்தில் இருப்பதாக அறிவித்தார். சாந்தினி உள்ளே உட்கார்ந்து இருக்கை வாரைப் பிடித்து இழுத்தாள். பாதியில் நிறுத்தாமல் அடிவரை இழுத்தாள். வழக்கமாக யாரும் இழுக்காத அந்தக் கடைசி முழத்தில், காய்ந்த சேற்றின் கோடு ஒன்று தெளிவாகத் தெரிந்தது.

“பாய், இது வெள்ளத்துல முங்குன காடி.”

“அலமாக், அப்படியா!” என்றார் நவ்சாத், தம் வாழ்நாளிலேயே முதன்முறையாக வெள்ளம் என்ற ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டவரைப்போல.

மூன்றாவதாக ஒரு சாம்பல் நிறக் கார் நின்றது. அதற்கு இறக்கையும் இல்லை, சேற்றுக்கோடும் இல்லை. திருப்புளியும் அதைப் பற்றிக் குறை சொல்லவில்லை. டயர்கள் புதுசு. ஹேமநாதன் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

“மழையில மேடு ஏறுமா? ரோட்டுல சோப்புத் தண்ணி ஓடும்.”

நவ்சாத் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இதுல டிராக்‌ஷன் கண்ட்ரோல் இருக்குண்ணே. சக்கரம் வழுக்குச்சுன்னா காடியே புடிச்சுக்கும்.”

“யாரு புடிப்பா?”

“காடிதான்.”

“எதப் புடிக்கும்?”

“சக்கரத்த.”

ஹேமநாதன் காரைப் பார்த்தார். நீராவியின் அழுத்தத்தோடு வாழ்நாள் முழுவதும் பழகியவர் அவர். சாதாரணமாக எந்த இயந்திரத்தையும் பார்த்து வாயைப் பிளக்கமாட்டார். ஆனால் தன் சக்கரத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் ஒரு வண்டி! தான் வழுக்குகிறோம் என்பது வழுக்குகிற வேளையிலேயே தெரிந்துவிடும் பேறு மனிதர்களில்கூட எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறது?

“காட்டுங்க, பாய்.”

நவ்சாத் சாவியைத் திருப்பினார். ஸ்டீரிங்கின் பின்னால் வேகம் காட்டும் பலகையில் இருந்த விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்து, ஒவ்வொன்றாக அணைந்தன. பிறகு ஸ்டீரிங்கின் பக்கத்தில் இருந்த ஒரு சின்னப் பொத்தானை அமுக்கினார். பலகையில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. ஒரு குட்டிக் கார், அதன் பின்னால் வளைந்து நெளியும் இரண்டு கோடுகள். எழுத்து எதுவும் கிடையாது.

“வந்துருச்சு பாருங்க. மத்த விளக்கெல்லாம் அணையணும். இது மட்டும் எரியணும். எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம்.”

இதைவிடத் தெளிவான விளக்கம் ஹேமநாதனுக்குத் தேவைப்படவில்லை. பாயிலர் பலகையிலும் அப்படித்தான். பம்பு விளக்கு எரிந்தால் பம்பு ஓடுகிறது, பர்னர் விளக்கு எரிந்தால் நெருப்பு இருக்கிறது. இத்தனை வருடம் எரியும் விளக்கை நம்பித்தான் அவர் உயிரோடு இருக்கிறார். சாந்தினிக்கும் சந்தேகம் எழவில்லை. விளக்கு எரிந்தால் நல்லது, அணைந்தால் கெட்டது என்பதைத் தமிழ்க் குடும்பத்துப் பெண்ணுக்குக் கார் வியாபாரி வந்து சொல்ல வேண்டியதில்லை.

சாம்பல் நிறக் கார் வீட்டுக்கு வந்தது. கோவிலுக்குப் போய் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி இறங்கியது.

அதன்பிறகு அந்த வீட்டில் விடியுமுன் இரண்டு விளக்குகள் எரியத் தொடங்கின. சாந்தினி எழுந்து சாமி அறையில் விளக்கேற்றுவாள். ஹேமநாதன் கீழே போய்க் காரில் உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, எல்லா விளக்குகளும் அணையும்வரை பொறுமையாகக் காத்திருந்து, பொத்தானை அமுக்கி மஞ்சள் விளக்கை ஏற்றுவார். பொத்தானுக்குப் பக்கத்தில் சாந்தினி சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமப் பொட்டும் வைத்திருந்தாள். ஒரே ஒரு மனக்குறை இருந்தது. ஒவ்வொரு முறை இன்ஜினை நிறுத்தும்போதும் அந்த விளக்கு போய்விடும். மறுநாள் மறுபடி ஏற்ற வேண்டும். சாமி விளக்கும் அப்படித்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மழை இல்லாதவரை எல்லாம் நன்றாகவே நடந்தது. பிறகு டிசம்பர் வந்தது.

முதல் பெருமழையன்று ஹேமநாதன் மஞ்சள் விளக்கு பிரகாசிக்க, மேட்டின் அடிவாரத்துக்கு வந்தார். இடது பக்கம் நுரை வெண்மையாக இறங்கிக்கொண்டிருந்தது. பாதி தூரம் ஏறினார். அங்கே இடது பக்கத்து முன்சக்கரம் நுரைக்குள் புகுந்து, கிரைண்டர் ஓடும் ஓசையோடு சுழல ஆரம்பித்தது. கார் நகரவில்லை. பெடலை அமுக்கினார். இன்னும் வேகமாகச் சுழன்றது. இன்னும் அமுக்கினார். கார் பின்னோக்கி வழுக்கிக் குறுக்காக நின்றது. கீழே, அழுக்கு விரிப்பு ஏற்றிவந்த லோரி ஒலிப்பானில் கைவைத்தது. ஒரே பாதை. அதைக் குறுக்காக அடைத்துக்கொண்டு, வழுக்கவே வழுக்காத காரில், விளக்கெரிய உட்கார்ந்திருந்தார் ஹேமநாதன்.

லோரியில் வந்தவர்கள் தள்ளித்தான் காரை ஓரங்கட்ட வேண்டியிருந்தது. அன்று ஸ்டீம் தாமதமாகவே கிளம்பியது. சுகுமாறன் இம்முறையும் மரியாதையாகப் பேசினார்.

“தவறு உங்களதுன்னு சொல்லலண்ணே. மேடு அப்படி. ஆனா இன்னொரு தடவ பாதைய அடைச்சீங்கன்னா, கனகராஜ வரச்சொல்லிருவேன்.”

மாலையில் ஹேமநாதன் நேரே நவ்சாத்தின் கடைக்குப் போனார்.

“பாய், வழுக்கிருச்சு.”

“இருக்காதேண்ணே. விளக்கு எரிஞ்சுச்சா?”

“நல்லா எரிஞ்சுச்சு.”

நவ்சாத் டயர்களைச் சுற்றிவந்தார். குனிந்து தடவினார். நிமிர்ந்து, வருத்தத்தோடு தலையை ஆட்டினார். “டயரும் சரி, விளக்கும் சரி. அப்போ உங்க கால்தாண்ணே. பாயிலர் ஆளுங்கல்லா, பெடல்ல வால்வு திறக்குற மாதிரி அமுக்கியிருப்பீங்க.”

நம்பிக்கை பெரிதாக இருக்கும்போது குற்றம் எப்போதும் பக்தனுடைய காலில்தான் விழும். ஹேமநாதன் மறுநாள் முதல் செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு, வெறுங்காலோடு, பெடலைக் கண்ணாடிப் பாத்திரத்தைத் தொடுவதுபோல் தொட்டு ஓட்டிப் பழகினார். பின்னால் வந்த கார்கள் அவரைப் பற்றிப் பல மொழிகளில் கருத்துச் சொல்லின.

இரண்டாவது பெருமழை ஒரு வியாழக்கிழமை வந்தது. அன்று வீட்டில் கரண்ட் இல்லை. சாந்தினி கைப்பேசி வெளிச்சத்தில் பசியாறக் கட்டிக்கொடுத்து, காப்பி பிளாஸ்க்கைக் கார் ஜன்னல் வழியாக நீட்டி, குடையை மறந்து, உள்ளே ஓடி, குடையோடு திரும்பி வந்தாள். “பாத்து ஏறுங்க. வழுக்குனா மேல போகாதீங்க, வேலை போனா போவுது,” என்றாள். வேலை போனால் போகட்டும் என்று சொன்ன முகம் அப்படிச் சொல்லவில்லை. அந்தக் கலக்கத்தில் ஹேமநாதன் கிளம்பிவிட்டார்.

மேட்டின் அடிவாரத்தில்தான் பார்த்தார். பலகையில் மஞ்சள் விளக்கு இல்லை. அமுக்க மறந்திருக்கிறார்.

நிறுத்தி அமுக்கலாம் என்றால், பின்னால் அதே லோரி, கண்ணாடி முழுக்க அதன் வெளிச்சம். முன்னால் நுரை. கார் ஏற்கனவே சரிவில் கால் வைத்துவிட்டது. இரு கைகளாலும் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலைப் பெடலில் வைத்துக்கொண்டு, தெரிந்த சாமிகளையெல்லாம் வரிசை பாராமல் கூப்பிட்டார்.

போன தடவை வழுக்கிய அதே இடம் வந்தது. இடது சக்கரம் நுரையில் இறங்கியது. சுழலத் தொடங்கியது. அடுத்த கணம் காலுக்கடியில் ‘கர்ர்ர், கர்ர்ர்’ என்று ஏதோ நறநறத்தது, பூமிக்குள்ளிருந்து யாரோ பல்லைக் கடிப்பதுபோல. பலகையில், யாரும் ஏற்றாத அந்த மஞ்சள் விளக்கு தானாக எரிந்தது. எரிந்து அணைந்தது. படபடவென்று துடித்தது. இன்ஜினின் ஓசை தாழ்ந்தது, யாரோ அவருடைய காலை மெல்லப் பின்னால் இழுத்ததுபோல. கார் ஒரு சாண் ஏறியது. நின்று யோசித்தது. இன்னொரு சாண் ஏறியது. அப்படியே, குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு அறையைவிட்டு வெளியேறும் தாயின் கவனத்தோடு, அந்த மேட்டை முழுவதும் ஏறி முடித்தது.

உச்சியில் விளக்கு அணைந்தது. ஹேமநாதன் காரைவிட்டு இறங்கி, மழையில் நின்றபடி அதைப் பார்த்தார். பிறகு வெறுங்காலோடு பாயிலர் அறைக்கு ஓடினார்.

ஆறு மணிக்கு ஆவி போனது. சுகுமாறன் எட்டிப் பார்த்தார். “வந்துட்டீங்களே.” அது பாராட்டா ஏமாற்றமா என்று சொல்ல முடியாத குரல். “ஆனா மாசம் முழுக்க மழைண்ணே. ஒரு நாள் ஏறுனது அதிர்ஷ்டமா இருந்தா, அடுத்த நாள் மறுபடி லோரி நிக்கும். திங்கக்கிழமைக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க. கனகராஜும் எத்தன நாளு காத்திருப்பாரு?”

ஹேமநாதனுக்கும் அதுதான் கேள்வி. நடந்தது அதிர்ஷ்டமா, விதியா? விளக்கு எரிந்த நாள் வழுக்கியது. எரியாத நாள் ஏறியது. இந்த அநியாயத்துக்கு என்ன நியாயம்?

பாயிலர் பலகையின் முன் உட்கார்ந்து யோசித்தார். அவர் கண் அந்தப் பலகையின் ஒரு மூலைக்குப் போனது. அங்கேயும் ஒரு மஞ்சள் விளக்கு இருந்தது. அது எரிந்து அவர் பார்த்ததே கிடையாது. பாயிலரில் தண்ணீர் குறைந்தால் நெருப்பைத் தானாக அணைக்கும் காவல் கருவி ஒன்று உண்டு. அது இரவு பகலாகச் சத்தமில்லாமல் காவல் காக்கும். யாராவது அதைச் செயலிழக்கச் செய்தால்தான், ‘காவல் இல்லை, ஜாக்கிரதை’ என்று அந்த மஞ்சள் விளக்கு எரியும்.

ஹேமநாதன் எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார்.

கார் தினமும் காலையில் எழுந்ததும் தன் காவலைத் தானே தொடங்கியிருக்கிறது. தினமும் அவர் சந்தனப் பொட்டுக்குப் பக்கத்தில் விரலை வைத்து, பயபக்தியோடு, அந்தக் காவல்காரனை வேலையைவிட்டு நீக்கியிருக்கிறார். மறுநாள் அவன் ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் வேலைக்கு வந்திருக்கிறான். மறுபடி நீக்கியிருக்கிறார். உலகத்தில் எந்தத் தொழிலாளியும் எந்த முதலாளியிடமும் இவ்வளவு பொறுமை காட்டியதில்லை.

ஆனாலும் இது அவருடைய எண்ணம்தான். எண்ணத்தை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை சுகுமாறனிடம் போக முடியாது. ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தது. விடுமுறை நாளில், பாயிலரை மாற்று ஆள் பார்த்துக்கொண்டிருக்க, ஹேமநாதன் சாந்தினியைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு வந்தார். விரிப்பு லோரி வரும் நேரம் இல்லை. சாந்தினி குடையோடு இறங்கி, வடிகாலுக்கு அப்பால் இருந்த கல் கட்டையின் மேல் நின்றாள்.

“இடது சக்கரத்த மட்டும் பாரு. முதல்ல விளக்கு போட்டு ஏறுறேன்.”

“எனக்கென்ன, பாக்குறேன். விழுந்துராதீங்க.”

ஏறினார். சரியாக அதே இடத்தில் சக்கரம் நுரையை வாரி இறைத்துச் சுழன்றது. கார் நின்ற இடத்திலேயே நின்றது.

“பேய் புடிச்ச மாதிரி சுத்துதுங்க! போதும், எறங்குங்க.”

மெல்லப் பின்வாங்கிக் கீழே வந்தார். இன்ஜினை நிறுத்தினார். மறுபடி சாவியைத் திருப்பினார். விளக்குகள் எரிந்து அணைந்தன. அந்தப் பொத்தானை அவர் தொடவில்லை. தொடாமல் இருப்பதற்குப் பெரிய மனவலிமை தேவைப்பட்டது.

ஏறினார். அந்த இடம் வந்தது. கர்ர்ர்.

சாந்தினி குடையைச் சாய்த்துக்கொண்டு குனிந்தாள். கார் அவளைத் தாண்டி மேலே போய் நின்றதும் கத்தினாள்.

“சுத்த வந்துச்சுங்க. சுத்த விடல. யாரோ காதப் புடிச்சு நிறுத்துன மாதிரி நின்னுச்சு. விட்டாங்க, புடிச்சாங்க, விட்டாங்க, புடிச்சாங்க. கண்ணு எண்ண முடியல.”

அவள் பார்த்தது உண்மை. சாதாரண நேரத்தில் இன்ஜின் ஒரு மோசமான அலுவலகத்தைப்போல் நடந்துகொள்ளும். தரையில் கால் ஊன்றி இழுக்கத் தயாராக இருக்கும் சக்கரத்தை விட்டுவிட்டு, நுரையில் சும்மா சுழல்பவனிடமே முழுப் பலத்தையும் கொண்டுபோய்க் கொட்டும். இந்தக் கருவி அங்கேதான் குறுக்கிடுகிறது. ஒரு சக்கரம் மட்டும் காரணமில்லாமல் வேகமாகச் சுழல்வதைக் கவனிக்கிறது. அந்தச் சக்கரத்தின் பிரேக்கை மட்டும் பிடிக்கிறது. அப்போது பலம் வேறு வழியில்லாமல், ஈரமானாலும் நுரையில்லாத தார்ச்சாலையில் நிற்கும் வலது சக்கரத்துக்குப் போகிறது. அதுவும் போதாவிட்டால் இன்ஜினையே கொஞ்சம் அடக்கிவைக்கிறது. இதையெல்லாம் ஒரு மனிதன் ‘ஐயோ’ என்று வாயைத் திறந்து மூடுவதற்குள் பலமுறை செய்துமுடிக்கிறது. ஒரு அலுவலகத்திலாவது இப்படி ஒரு கருவியைப் பொருத்த முடிந்தால் நாடு எங்கேயோ போயிருக்கும்.

ஹேமநாதன் மேட்டின் உச்சியில் இறங்கி, அந்த இடது சக்கரத்தின் முன் குந்தி உட்கார்ந்தார். நுரை ஒட்டிய சாதாரணச் சக்கரம். எங்கோ குளிர் நாட்டில் ஒருவன் மேசைமுன் உட்கார்ந்து, பனியில் வழுக்கும் கார்களை நினைத்து இதைக் கணக்குப் போட்டிருப்பான். ஜொகூரில் ஒரு சோப்பு மேடு இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. ஹேமநாதன் என்று ஒரு ஆள் இருப்பதும் தெரியாது. தெரியாமலே அவருடைய சக்கரத்தைப் பிடித்திருக்கிறான். ஹேமநாதனுக்குக் கண் கலங்கியது. மழை பெய்துகொண்டிருந்ததால் அவருடைய மரியாதைக்குப் பங்கம் வரவில்லை.

அங்கேயே நின்று சுகுமாறனுக்கு போன் செய்தார்.

“ஞாயித்துக்கெழமையில என்னண்ணே?”

“கனகராஜ வேற எடம் பாத்துக்கச் சொல்லிருங்க. பாயிலர நானே பாத்துக்கறேன்.”

“மழை பெஞ்சா?”

“இப்ப பெஞ்சுக்கிட்டுதான் இருக்கு. நான் மேட்டு மேலதான் நிக்கிறேன். காடியும் மேலதான் நிக்குது.”

“ஆறு மணிக்கு ஸ்டீம்,” என்றார் சுகுமாறன். அந்தக் குரலில் வழக்கமான மரியாதை சற்றுக் குறைந்திருந்தது. ஹேமநாதனுக்கு அது நிம்மதியாக இருந்தது.

சாந்தினி கல் கட்டையைவிட்டு இறங்கியிருக்கவில்லை. துப்பட்டாவிலிருந்து தண்ணீர் சொட்ட, அங்கிருந்தே கையசைத்துக் கூப்பிட்டாள்.

“என்னா, போலாமா?” என்று மேலிருந்து கேட்டார் ஹேமநாதன்.

“இருங்க. இன்னொரு தடவ ஏறுங்க. நான் சரியா பாக்கல.”

அவள் சரியாகத்தான் பார்த்திருந்தாள். ஹேமநாதன் காரில் ஏறி, பின்னோக்கி இறங்கத் தொடங்கினார்.